காட்டின் ஆயுளுக்கு ஏற்ற திட்டம்

நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருத்தல் வேண்டும் என்னும் லட்சியம் நமக்குப் புதியதன்று. 1952இல் வெளியான தேசிய வனக்கொள்கை அதனை எடுத்துரைத்தது. 1988இல் திருத்தியமைக்கப்பட்ட கொள்கை அதனையே மீண்டும் வற்புறுத்தி, மலைப் பிரதேசங்களில் அந்தப் பங்கு மூன்றில் இரண்டாக இருக்க வேண்டும் என்றும் கூறிற்று. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம், நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ள இம்மாநிலத்தின் வனப்பரப்பையும் மரப்பரப்பையும் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவதென்று உறுதி பூண்டிருக்கிறது. இத்தகைய உறுதியை மேற்கொள்ளும் அரசாங்கம் பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், எழுபது ஆண்டுகளாக ஒரே லட்சியத்தைத் திரும்பத் திரும்பப் பிரகடனம் செய்தும் அதனை எட்டாத ஒரு சமூகம், லட்சியத்தின் அளவைப் பற்றிப் பேசுவதோடு அமையாமல், அதனை நோக்கி நடப்பதற்குத் தான் வகுத்துக்கொண்ட காலக்கணக்கு பொருத்தமானதுதானா என்பதையும் ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

நட்ட தேக்கு நல்ல மரமாக முதிர்வதற்கு ஐம்பது அறுபது ஆண்டுகள் வேண்டும். சந்தனத்தில் வைரம் பாய்ந்து மணம் நிறைவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பள்ளத்தாக்குகளில் தங்கியிருக்கும் சோலைகளோ, ஒருமுறை அழிந்துவிட்டால், நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் பழைய நிலையை எய்தும் என்று எவரும் உறுதி கூற இயலாது. இவற்றைப் பேணுவதற்கு நாம் ஏற்படுத்தியிருக்கும் நிர்வாகத்தில், வரவு செலவுத் திட்டத்தின் ஆயுள் ஓராண்டு; அமைச்சரவையின் ஆயுள் ஐந்தாண்டு; மாவட்ட வன அலுவலர் ஒருவர் ஒரு கோட்டத்தில் தங்கியிருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே. ஆகவே, நல்ல மரத்தை நட்ட உத்தியோகஸ்தர் அது வளர்ந்து பயன் தருவதைக் காண்பதில்லை. பொருந்தாத மரத்தை நட்டவர் அதனால் விளைந்த கேட்டுக்குப் பதில் சொல்ல நேர்வதுமில்லை. இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்கு, ஐம்பதாண்டுகளை எதிர்நோக்கி, மாநிலம் முழுவதையும் ஒன்றாகக் கருதி, சட்டத்தின் ஆதாரத்தோடு வகுக்கப்பட்ட ஒரு வனத்திட்டம் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்பதே இங்கு நாம் கூற விரும்பும் கருத்து.

வனத்துறைக்குத் திட்டமிடும் மரபே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இந்தியாவிலேயே பழமையான மரபுகளில் ஒன்று சென்னை மாகாணத்துடையது. 1856இல் கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான ஒருவரின் தலைமையில் இங்கு வனத்துறை அமைந்தது; 1881இல் வந்து மாகாணத்தின் காடுகளை ஆராய்ந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியரின் ஆலோசனைகளை ஒட்டி 1882ஆம் ஆண்டின் வனச்சட்டம் பிறந்தது; காப்புக் காடுகள் வரையறுக்கப்பெற்று, ஒவ்வொரு கோட்டத்துக்கும் பத்தாண்டுச் செயல்திட்டம் எழுதும் வழக்கமும் வேரூன்றியது. அச்செயல்திட்டங்களின் மதிப்பை உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் நிலைநாட்டியிருக்கிறது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் ஜன்ம நிலங்களாக இருந்த காடுகள் அழிவதைக் கண்டு மனம் பொறாத நிலம்பூர் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த அந்த வழக்கில், மத்திய அரசாங்கத்தின் ஒப்புதல் பெற்ற செயல்திட்டத்துக்கு உட்பட்டாலன்றிக் காட்டில் மரம் வெட்டலாகாது என்று 1996 டிசம்பர் 12ஆம் நாள் பிறந்த ஆணை, தேசம் முழுவதிலும் வன நிர்வாகத்தின் போக்கையே மாற்றிற்று. தமிழ்நாட்டின் ஒரு மூலையில் எழுந்த முறையீடு பாரதம் முழுமைக்கும் காப்பாக அமைந்தது நமக்குப் பெருமையே. எனினும், திட்டத்தால் நடந்திருக்க வேண்டிய காரியம் நீதிமன்றத்தின் கட்டளையால் நடக்க நேர்ந்ததை எண்ணும்போது, அப்பெருமையோடு ஒரு வருத்தமும் கலந்தே நிற்கிறது.

கோட்டச் செயல்திட்டத்தின் குறை அதன் எல்லையிலும் கால அளவிலும் இருக்கிறது. பவானியின் நீர் நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளிலும் சோலைகளிலும் சுரந்து, கேரளத்து அட்டப்பாடியைத் தொட்டு மீண்டு, மோயாற்றோடு கூடிப் பவானிசாகரில் தங்கி, ஈரோட்டுச் சமவெளியின் வயல்களை அடைகிறது. அதன் பாதையில் குறுக்கிடும் கோட்டங்களும் மாவட்டங்களும் ஒன்றற்கொன்று வேறான திட்டங்களைக் கொண்டிருந்தால், மேலே செய்த பிழையின் பலனைக் கீழே உள்ளவன் அனுபவிப்பதும், யாரைக் கேட்பதென்று அறியாது திகைப்பதும் இயல்பே. பத்தாண்டுத் திட்டமும், அதற்கு மேலான ஒரு நீண்டகால நோக்கத்தின் அங்கமாக அமையாவிடில், அந்தந்தப் பத்தாண்டின் அவசரத் தேவைக்கே காட்டை உட்படுத்திவிடும்.

இதற்கு நீலகிரியின் சரித்திரத்தைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்பூர மரமும் சீகை மரமும், குளிர்மிகுந்த மலைநகரங்களின் விறகுத் தேவையைத் தீர்ப்பதற்காக நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில், தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய துவர்ப்புச் சாற்றைச் சீகைப் பட்டையிலிருந்து பெறுவதற்கும், செயற்கைப் பட்டு ஆலைகளுக்கு மரக்கூழ் அளிப்பதற்கும், பரந்த புல்வெளிகள் அம்மரங்களால் மூடப்பட்டன. இத்தீர்மானங்களை எடுத்தவர்கள் அறிவிலிகளும் அல்லர், தீயவர்களும் அல்லர். விறகில்லாத ஊருக்கு விறகும், அந்நியச் செலாவணி இல்லாத நாட்டுக்கு மூலப்பொருளும் வேண்டியிருந்தன. ஆனால் மரமில்லாத புல்வெளியைப் பாழ்நிலம் என்று கருதிய அக்காலத்தின் அறிவு, அப்புல்வெளியே மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுகக் கசியவிட்டு ஓடைகளை வற்றாமற் காத்தது என்பதையும், தோடரின் எருமைகளுக்கும் வரையாட்டுக்கும் அதுவே ஜீவாதாரம் என்பதையும் உணரவில்லை. தேவைகள் வந்தன, போயின; விறகுக்குப் பதிலாக எரிவாயு வந்தது, மரக்கூழ் ஆலை மூடப்பட்டது; மரங்கள் மட்டும் நின்றன, நின்றதோடு அமையாமல் தாமே விதைத்துப் பரவவும் செய்தன.

இன்று அவற்றை அகற்றுவதற்கு அரசாங்கம் ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. அயல்நாட்டுக் களைத் தாவரங்களை நீக்கி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்று 2022இல் வெளியான அக்கொள்கை வரவேற்கத்தக்கது. சீகையோடு, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தையே மூடிவரும் உண்ணிச்செடியும், மஞ்சட் பூக்களோடு விரைந்து பரவும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும், சமவெளியில் சீமைக்கருவேலமும் அதன் கருத்துக்கு இலக்காகியிருக்கின்றன. இங்கும் அவசரம் ஆகாது என்பதையே நாம் வற்புறுத்துகிறோம். பழனிமலையின் சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலை மரங்களின் கன்றுகள் முளைத்து எழுகின்றன. அங்குச் சீகையை ஒரே வீச்சில் வெட்டிச் சாய்த்தால் சோலையும் உடன் சாகும். இராமநாதபுரத்து வறண்ட கிராமங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு உலை வைக்கும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பைக் காட்டாமல் வேரோடு பிடுங்க முற்படுவது நீதியாகாது. எந்த இடத்தில் எதை, எத்தனை ஆண்டுகளில், எதனை அதற்குப் பதிலாக வைத்து நீக்குவது என்பதை இடந்தோறும் நிர்ணயித்து, நிர்ணயித்ததை முப்பது ஆண்டுகள் விடாமல் நிறைவேற்றுவதற்கு ஒரு நிலையான ஏற்பாடு இல்லாவிடில், நட்ட பிழையைவிடப் பிடுங்கும் பிழை பெரிதாய்விடக்கூடும்.

பொறுமையின் பயனுக்கும் நம் மலைகளிலேயே சான்று உண்டு. கப்பல் கட்டுவதற்கும் ரயில் தண்டவாளங்களின் அடியில் கட்டையாக இடுவதற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஆனைமலைத் தேக்கு வெட்டி இறக்கப்பட்டது. மலைவிளிம்பிலிருந்து மரங்களைச் சரியவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. மொட்டையாகும் நிலையை அடைந்த அக்காட்டை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியேற்ற ஹ்யூகோ உட் என்னும் வன அலுவலர், வெட்டிய அடிமரத்திலிருந்து தளிர்க்கும் கிளையைப் பேணி வளர்க்கும் முறையாலும், புதிதாக விதையூன்றியும் மீட்டெடுத்தார். அவருடைய உடல் அம்மரங்களின் நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் வளர்த்தது ஒரே இனத் தோப்பு என்றும், அது இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது என்றும் இன்றைய சாஸ்திரம் கூறும், அது உண்மையே. ஆயினும், தம் ஆயுளுக்குள் பயன் தராத ஒரு காரியத்தை ஓர் உத்தியோகஸ்தர் நிதானமாகத் தொடங்கவும், பின்வந்தவர்கள் அதனைக் கலைக்காமல் தொடரவும் கூடும் என்பதை அந்தக் காடு நிரூபித்திருக்கிறது.

சந்தனத்தின் கதை இதற்கு நேர்மாறானது. ஜவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் சத்தியமங்கலத்திலும் செழித்திருந்த சந்தனம், திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் ஆகிய கிடங்குகளில் ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கருவூலத்தை நிரப்பியது. கடத்தலும் காட்டுத்தீயும் நோயும் அதனை அழித்தன என்று சொல்வது வழக்கம். ஆனால், தன் நிலத்தில் தானே முளைத்த சந்தனத்தைக்கூட உடையவன் விருப்பப்படி வெட்டி விற்க இயலாதபடி தடுத்த பழைய சட்டம், அக்கன்றை முளையிலேயே கிள்ளி எறிவதுதான் விவேகம் என்ற எண்ணத்தைக் குடியானவனுக்கு ஊட்டியதையும் நாம் மறைக்கலாகாது. அச்சட்டம் பிற்காலத்தில் தளர்த்தப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ச்சி வீணாகியிருந்தது. வனச்செல்வத்தைக் காக்கும் ஏற்பாட்டில் மக்களின் நலன் பிணைக்கப்படாவிடில், காவல் எத்தனை கடுமையாக இருப்பினும் அது தோற்கும் என்பதே இதன் படிப்பினை.

இனி, 33 என்னும் எண்ணின் பொருளைச் சற்று ஆராய்வோம். 2021ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கைப்படி தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் நிலப்பரப்பில் இது 20.31 விழுக்காடு. இதில் மிக அடர்ந்த காடு 3,593 சதுர கிலோமீட்டரே. அவ்வறிக்கையின் இலக்கணப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரநிழல் விழுந்தால், அது எவருடைய உடைமையாயினும், தென்னந்தோப்பாயினும் மாந்தோப்பாயினும், வனப்பரப்பாகவே கொள்ளப்படும். விண்ணிலிருந்து அளப்பதற்கு அந்த இலக்கணம் வசதியானது. காட்டைப் பேணுவதற்கு அதுவே அளவுகோல் ஆகாது. விழுக்காட்டை உயர்த்தும் ஆர்வத்தில் எஞ்சியிருக்கும் புல்வெளிகளிலும், வெளிமான் மேயும் முட்புதர்க் காடுகளிலும் குழி தோண்டி மரம் நட முற்பட்டால், நீலகிரியில் செய்ததையே வேறிடத்தில் மீண்டும் செய்தவர்களாவோம். தஞ்சை, திருவாரூர் போன்ற நெல் விளையும் மாவட்டங்களில் காடு குறைவாக இருப்பது குற்றமன்று. அங்கு முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டைக் காப்பதும், ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நம் நாட்டு மரங்களை வளர்ப்பதும் போதும்.

ஆகவே, நீண்டகாலத் திட்டத்தின் முதற்காரியம் ஒவ்வொரு காட்டுக்கும் அதன் பிரதான நோக்கத்தை நிர்ணயிப்பதாகும். கோட்ட எல்லையை விடுத்து ஆற்றுப்படுகையையே அலகாகக் கொண்டு, தாமிரபரணி, வைகை, பவானி, அமராவதி, பாலாறு, காவிரி ஆகிய ஒவ்வொன்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் எது நீருக்காக மட்டும் காக்கப்பட வேண்டியது, எது யானைகளின் வலசைப் பாதைக்காக விடப்பட வேண்டியது, எது மக்களின் தேவைக்கு உரியது என்பதை வரையறுத்துவிட்டால், பின்வரும் எந்த அரசாங்கமும் அந்நோக்கத்தை மாற்றுவதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பொதிகை மலையின் காடு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் அளிக்கும் நீரின் மதிப்பை எந்த மரக்கிடங்கின் ஏலக்கணக்காலும் ஈடுசெய்ய இயலாது. எனினும் நம் வரவு செலவுக் கணக்குகளில் அந்த நீருக்கு ஒரு வரிகூட இல்லை.

மரத்தின் தேவையைக் காட்டுக்கு வெளியே நிறைவேற்றுவது இரண்டாவது காரியம். காகிதத்துக்கும் ஒட்டுப்பலகைக்கும் கட்டடச் சாரத்துக்கும் மரம் வேண்டாம் என்று எவரும் சொல்வதற்கில்லை. கடலூர், விழுப்புரம் பகுதிகளின் சவுக்கும், பிற மாவட்டங்களின் மலைவேம்பும் குமிழும் தைலமரமும் ஏற்கெனவே உழவர்களின் நிலத்திலிருந்தே ஆலைகளுக்குச் செல்கின்றன. மேட்டுப்பாளையத்து வனக்கல்லூரியும் கோயம்புத்தூரில் உள்ள மரபியல் ஆராய்ச்சி நிலையமும் நல்ல கன்றுகளை அளித்து இதற்குத் துணை நிற்கின்றன. மரம் வளர்க்கும் குடியானவனுக்கு நிலையான விலையும், வெட்டவும் ஏற்றிச் செல்லவும் எளிதான அனுமதியும் கிடைக்குமாறு செய்தால், இயற்கைக் காட்டின் மேல் உள்ள பாரம் தானே குறையும். 1981இல் ஸ்வீடன் நாட்டின் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி உட்புறங்களில் வளர்க்கப்பட்ட கருவேல மரங்கள், ஊராட்சிகளுக்கு வருவாயும் ஏழைகளுக்கு விறகும் தந்ததை முதியோர் பலர் இன்னும் நினைவுகூர்வர்.

காட்டைச் சார்ந்து வாழும் மக்களின் இடம் மூன்றாவது காரியம். இதுவே மிகவும் முக்கியமானது. அகத்தியமலையின் காணிக்காரரும், ஆனைமலையின் காடரும், பழனிமலையின் பளியரும், சத்தியமங்கலத்துச் சோளகரும், நீலகிரியின் தோடரும் குறும்பரும் இருளரும், எந்தச் செயல்திட்டமும் எழுதப்படுவதற்கு முன்பே அக்காடுகளை அறிந்திருந்தவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய கிராம சபைக்கு அளித்த அதிகாரம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் தாமதப்பட்டே செயலுக்கு வந்தது. இன்னும் பல குடியிருப்புகளுக்கு முழுமையாகச் சென்றடையவில்லை. தேன் எடுப்பவனும் தீ எழும் திசையை அறிந்தவனும் கையொப்பமிடாத திட்டம் காகிதத் திட்டமாகவே முடியும்.

மாஞ்சோலையை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரிய 8,373 ஏக்கர் காடு, 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டமாயிற்று. அக்குத்தகை 2028இல் முடியும் என்பது கையெழுத்தான அன்றே உலகுக்குத் தெரிந்த விஷயம். அத்தனை முன்னறிவு இருந்தும், நான்கு தலைமுறைகளாக அங்கே உழைத்த தொழிலாளர் எங்கே போவது, எதைக்கொண்டு பிழைப்பது என்ற கேள்வி, நிறுவனம் விலகிச் செல்லும் கடைசி வேளையில், 2024இல் நீதிமன்றத்தின் படிகளில் எழுந்து நின்றது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளருக்கு வாழ்வளிக்கவே கூடலூரிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஏற்பட்டன. அவற்றின் ஒரு பகுதி இன்று வனத்துறைக்குத் திரும்பும்போது, அம்மக்களின் எதிர்காலம் என்ன என்பதும் இதே கேள்விதான். காடு காடாக மீள வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் நூறாண்டு அவகாசம் இருந்தும் மனிதருக்காக முன்கூட்டித் திட்டமிடாத ஒரு நிர்வாகத்தை, அவகாசம் குறைந்த காரியங்களில் எவ்வாறு நம்புவது?

இவற்றையெல்லாம் நிறைவேற்றுவதற்கு ஒரு நிலையான ஸ்தாபனம் வேண்டும். சட்டமன்றம் இயற்றும் சட்டத்தின்கீழ், வன அலுவலரும் நீரியல் அறிஞரும் சூழலியலாரும் பழங்குடிப் பிரதிநிதிகளும் உழவர்களும் அங்கம் வகிக்கும் மாநில வனத்திட்ட ஆணையம் ஒன்று அமைதல் வேண்டும். ஐம்பதாண்டு நோக்கத்தை அது வகுக்கட்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைத் திருத்தட்டும். கோட்டச் செயல்திட்டங்கள் அதற்கு இசைந்து அமையட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்தின் முன் கணக்குக் கொடுக்கட்டும். அந்தக் கணக்கில், எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்பதற்குப் பதிலாக, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எத்தனை உயிரோடு நின்றன, ஓடைகளில் கோடைக்கால நீரோட்டம் எவ்வளவு, களைச்செடி நீங்கிய பரப்பு எவ்வளவு என்பவை இடம்பெறட்டும். நிதியும் தொடர்ச்சியாக வர வேண்டும். 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் உருவான கிராம வனக்குழுக்கள் பல, திட்டத்தின் காலம் முடிந்ததும் ஊக்கம் இழந்து போயின. கடனுதவி வரும்போது எழுந்து, நிற்கும்போது படுத்துவிடும் ஏற்பாட்டால் காடு வளராது. தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்கு ஆண்டுதோறும் உரிய காலத்தில் பணமும், காட்டில் நடந்து காக்கும் வனக்காப்பாளர், வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் ஆகியோர் போதிய எண்ணிக்கையிலும் கௌரவமான ஊதியத்திலும் இருப்பதும் முதற்கண் வேண்டியவை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்ற இளைஞர் பலரின் உயிரைத் தீ பறித்ததை நாம் மறக்கலாகாது.

ஐம்பதாண்டுக்குப் பின் உலகம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும், பருவநிலையே மாறிவரும் காலத்தில் அத்தனை நீண்ட திட்டம் வீண் அல்லவா என்று கேட்பாரும் உண்டு. கேள்வி நியாயமானதே. நோக்கம் நிலையாகவும் வழிமுறை நெகிழ்வாகவும் இருக்க வேண்டும் என்பதே அதற்கு விடை. எந்த மரத்தை நடுவது என்பதை அனுபவமும் ஆராய்ச்சியும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். இந்த மலை நீருக்காகக் காக்கப்பட வேண்டியது என்ற தீர்மானம் மாற வேண்டியதில்லை. மழை எப்போது பெய்யும் என்பது நிச்சயமற்றுப் போகும் காலத்தில்தான், பெய்த மழையைத் தேக்கி வைக்கும் காட்டின் அவசியம் முன்னினும் மிகுதியாகிறது. நீண்ட உறுதி பலன் தரும் என்பதற்குப் புலியே சாட்சி: 1973இல் தேசிய அளவில் தொடங்கிய புலிகள் காப்புத் திட்டம், ஆட்சிகள் பல மாறியும் கைவிடப்படாமல் தொடர்ந்ததன் பயனாக, 2006இல் தமிழ்நாட்டில் 76 என மதிப்பிடப்பட்ட புலிகளின் எண்ணிக்கை 2022இல் 306 ஆக உயர்ந்தது. ஒரு விலங்குக்காக ஐம்பது ஆண்டுகள் உறுதியாக நிற்க முடிந்த நமக்கு, அவ்விலங்கும் நாமும் குடிக்கும் நீரைத் தரும் காட்டுக்காக நிற்க முடியாதா?

கட்சிகள் தம்முள் எதில் வேறுபட்டாலும் இதில் வேறுபடுவதற்குக் காரணமில்லை. எந்த ஆட்சி நட்ட காடு என்று எந்த ஆறும் கேட்பதில்லை. ஆதலின், வனத்திட்ட ஆணையத்துக்கான மசோதாவை எல்லாக் கட்சிகளின் இசைவோடும் சட்டமன்றத்தில் கொணர்ந்து நிறைவேற்றுவது இன்றைய அரசாங்கத்தின் கடமை. அதனைக் கேட்டு வாங்குவது குடிமக்களின் கடமை. இத்திட்டத்தின் முழுப்பயனை அதனை இயற்றுவோர் காணமாட்டார்கள் என்பது உண்மை. ஆயினும், தாம் காணாத பயனுக்காகச் சட்டம் இயற்றும் துணிவே ஒரு சட்டமன்றத்தின் தகுதியை அளக்கும் உரைகல், அந்தத் துணிவைத் தமிழ்நாடு தன் பிரதிநிதிகளிடம் எதிர்பார்க்க உரிமையுடையது.